ஆய்வுக்காக ஆன்லைன்ல இன்டர்வியூ, ஃபோகஸ் குரூப் நடத்தப் போறீங்களா? முதல்ல இதைப் படிச்சிடுங்க

"ஆன்லைன்லயே இன்டர்வியூ எடுத்துடுங்க, அலைச்சல் மிச்சம்"னு கைடு ஒரே வரில சொல்லிட்டுப் போயிடுவாங்க. அலைச்சல் மிச்சம்தான், ஆனா அந்த மிச்சமான நேரம் பூரா ஃபார்ம் நிரப்புறதுலயும் செட்டிங்ஸ் தேடுறதுலயும் போயிடும்னு யாரும் சொல்றதில்ல. நான் இதுல நல்லா அல்லாடிட்டுதான் வெளிய வந்தேன். மெதடாலஜி புத்தகங்கள்ல கேள்வி எப்படிக் கேக்கணும்னு பக்கம் பக்கமா இருக்கு, ரெக்கார்டிங் எந்த ஃபோல்டர்ல போய் விழுதுன்னு ஒரு வரி இல்ல. அதனால இங்க தியரி கிடையாது, என்னென்ன பேப்பர், எவ்வளவு நாள், எதுக்குக் காசு, எங்க மாட்டுவீங்க, அவ்வளவுதான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, ஒருத்தர் பேசுற குரல் அவர்கிட்ட இருந்து கிளம்பி எந்த ஆப், எந்த சர்வர், எந்த ஃபோல்டர், யார் கை வழியா போய் கடைசில எங்க அழியுதுன்னு கோடு போட்டு வரைஞ்சிடுங்க. எத்திக்ஸ் கமிட்டி, அதாவது ஆட்களை வெச்சு நடத்தற ஆய்வுக்கு ஒப்புதல் குடுக்கற குழு, கேக்கற கேள்வில பாதி இந்தக் கோட்டைப் பத்திதான். செலவும் இந்தக் கோட்டுல இருந்துதான் தெரியவரும். கீழ அடிக்கடி "அந்தக் கோடு"ன்னு சொன்னா இதைத்தான் சொல்றேன்.

1. இன்டர்வியூவா, குரூப்பா, முதல்ல முடிவு பண்ணுங்க

குரூப்னா ஃபோகஸ் குரூப், சில பேரை ஒண்ணா சேர்த்து ஒரு விஷயத்தைப் பத்திப் பேச விடறது. குரூப் வெச்சா ஒரே மணி நேரத்துல அஞ்சு பேர் முடிஞ்சுடும்னு கணக்கு போட்டு குரூப்பைத் தேர்ந்தெடுக்காதீங்க. அஞ்சு பேர் டைமை ஒண்ணா சேர்க்கறதும் அதை அப்புறம் டைப் பண்றதும் தனித்தனி இன்டர்வியூவை விட கஷ்டம். ஒருத்தர் பேசறதைக் கேட்டு இன்னொருத்தர் பேசற விதம்தான் உங்களுக்கு வேணும்னா குரூப். நோய், வருமானம், வீட்டுப் பிரச்சனை, ஆபீஸ்ல நடந்த அநியாயம் இந்த மாதிரி விஷயம்னா கண்ணை மூடிக்கிட்டு தனி இன்டர்வியூ.

எண்ணிக்கைல ஒரு விஷயம். நேர்ல நடத்துற குரூப்ல 6ல இருந்து 10 பேர் வரைக்கும் உக்கார வைப்பாங்க, ஆன்லைன்ல 4ல இருந்து 6 பேருக்கு மேல போனா பாதிப்பேர் மியூட்லயே இருந்துட்டு முடிஞ்சதும் தேங்க்யூ சொல்லிட்டுக் கிளம்பிடுவாங்க. நேரம் 60ல இருந்து 90 நிமிஷம், தனி இன்டர்வியூன்னா 45ல இருந்து 60. அதுக்கு மேல ஸ்க்ரீனையே பாத்துட்டு இருக்க யாராலயும் முடியாது.

எத்தனை இன்டர்வியூ போதும்னு எல்லாரும் கேப்பாங்க, எல்லாரும் 12ன்னு பதில் சொல்வாங்க. அந்த 12 வந்தது 2006ல வெளிவந்த ஒரு ஆய்வுல இருந்து. மேற்கு ஆப்பிரிக்காவுல ரெண்டு நாட்டுல இருந்த பெண்கள்கிட்ட எடுத்த 60 இன்டர்வியூவை வெச்சு, முதல் 12லயே பெரும்பாலான தீம்கள், அதாவது பேச்சுல திரும்பத் திரும்ப வர்ற கருத்துகள், வந்துடுச்சுன்னு சொன்னாங்க. ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள், ஒரே மாதிரி கேள்விகள், அதனால அங்க 12 போதுமா இருந்தது. உங்க ஆய்வுல டீச்சரும் இருக்காங்க, பேரண்ட்ஸும் இருக்காங்கன்னா அந்த எண்ணைத் தூக்கி அப்படியே போட முடியாது, வைவால, அதான் தீசிஸ் வாய்மொழித் தேர்வுல, இதைத்தான் முதல்ல புடிப்பாங்க.

2. எத்திக்ஸ் கமிட்டி பேப்பர்

உங்க மொத்த அட்டவணையையும் தீர்மானிக்கிறது இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா படிங்க.

சாதாரணமா கேக்கற பேப்பர்கள் இவ்வளவு: ஆய்வுத் திட்டம், பங்கேற்பாளர் தகவல் தாள், கன்சென்ட் ஃபார்ம் (சம்மதப் படிவம்), கேள்விப் பட்டியல், ஆள் சேர்க்க நீங்க போடப்போற போஸ்டர் இல்லன்னா மெசேஜ் அப்படியே வார்த்தை மாறாம, டேட்டா மேனேஜ்மென்ட் பிளான் (டேட்டாவை எங்க வெப்பீங்க, எப்ப அழிப்பீங்கங்கற திட்டம்), கைடு கையெழுத்து. ஒரு ஸ்கூல் வழியாவோ ஒரு அமைப்பு வழியாவோ ஆள் எடுக்கறீங்கன்னா அவங்க அனுமதிக் கடிதம். வெளி ஆள் யாராவது டைப் பண்ணித் தரப்போறாங்கன்னா அவங்ககிட்ட ரகசியம் காக்குற ஒப்பந்தம். பேசறப்ப யாராவது உடைஞ்சு அழுதா என்ன பண்ணுவீங்க, யார்கிட்ட அனுப்புவீங்கன்னு அரைப்பக்கம். எதிர்ல உக்காந்து தண்ணி குடுக்க முடியாதுங்கறதால ஆன்லைன் ஆய்வுல இந்த அரைப்பக்கத்தை கமிட்டி ரொம்பக் கவனமாப் படிக்கும். கூப்பிட வேண்டிய உதவி எண் அவங்க இருக்கற நாட்டுல வேலை செய்யுமான்னு பாத்துட்டுப் போடுங்க.

பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கறவங்களைப் பேச வெக்கறீங்கன்னா பெத்தவங்க சம்மதமும் பிள்ளையோட சம்மதமும் ரெண்டும் தனித்தனி ஃபார்ம். பேசறவர் வேற நாட்டுல இருந்தா அந்த நாட்டு டேட்டா சட்டமும் உள்ள வந்துடும். ஐரோப்பிய யூனியன்ல இருக்கறவங்களைச் சேர்க்கறீங்கன்னா 2018 மே மாசத்துல இருந்து நடைமுறைல இருக்கற ஜிடிபிஆர்ங்கற டேட்டா பாதுகாப்புச் சட்டம் பத்தி உங்க யுனிவர்சிட்டில டேட்டா பாக்கறவங்ககிட்ட ஒரு மெயில் போட்டுக் கேட்டுடுங்க, அந்த பதில் மெயிலையும் ஃபைல்ல வெச்சுக்கோங்க.

இப்ப பொறிகள்.

ஒண்ணு, ஒவ்வொரு பேப்பர் கீழயும் வெர்ஷன் எண்ணும் தேதியும் போடுங்க. இது இல்லாம திருப்பி அனுப்புறது சர்வசாதாரணம், அதுக்கப்புறம் எந்தத் திருத்தம் எதுல இருக்குன்னு நீங்களே குழம்புவீங்க.

ரெண்டு, "ஜூம் அல்லது அது போன்ற தளம்"னு பொத்தாம்பொதுவா எழுதாதீங்க. கமிட்டி கேள்வி கேட்டு ஒரு சுத்து போயிடும். முதல் ஆப் எது, அது ஓடலைன்னா ரெண்டாவது எது, அதுவும் இல்லன்னா சாதாரண ஃபோன் கால், மூணையும் பேர் சொல்லி இப்பவே எழுதிடுங்க. பின்னாடி ஒருத்தர் "எனக்கு வாட்ஸ்அப் கால்தான் வசதி"ன்னு சொல்வார், லிஸ்ட்ல அது இல்லன்னா திருத்த விண்ணப்பம் போடணும், அது மறுபடி ஒரு காத்திருப்பு.

மூணு, "வீடியோ பதிவு"ன்னு எழுதறதா "ஆடியோ மட்டும்"னு எழுதறதான்னு யோசிச்சு எழுதுங்க. முகபாவனையை ஆராயப் போறதில்லன்னா வீடியோவே கேக்காதீங்க, ஒப்புதல் சீக்கிரம் வரும், ஆட்களும் பயப்படாம வருவாங்க.

நாலு, குரூப்புக்கான கன்சென்ட்ல "உங்கள் தகவல் முழுமையாக ரகசியமாக வைக்கப்படும்"னு எழுதாதீங்க. அது பொய். நீங்க ரகசியமா வெச்சுக்கலாம், கூட உக்காந்த நாலு பேர் வெளிய போய்ப் பேசினா நீங்க என்ன பண்ணுவீங்க? "மத்தவங்களையும் ரகசியம் காக்கச் சொல்வோம், ஆனா உத்தரவாதம் தர முடியாது"ன்னு நேரடியா எழுதுங்க. அதே மாதிரி பாதில விலகறதைப் பத்தியும். தனி இன்டர்வியூன்னா ஒரு கடைசித் தேதி சொல்லி அதுக்குள்ள சொன்னா மொத்தமா அழிச்சிடுவோம்னு எழுதலாம். குரூப்ல ஒருத்தர் பேச்சை மட்டும் உருவி எடுத்தா மிச்சம் புரியாது, அதனால எது வரைக்கும் அழிக்க முடியும்னு முன்னாடியே சொல்லிடணும்.

காலம்: நிறைய கமிட்டி மாசம் ஒரு தடவைதான் கூடும், சிலது அதைவிடக் கம்மியா. ஒரு சின்னத் திருத்தம் வந்தா அடுத்த கூட்டம் வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்கார வேண்டியதுதான். என் பேப்பர் ஒரு தடவை திரும்பி வந்ததுக்குக் காரணம், ரெக்கார்டிங் "பாதுகாப்பான இடத்தில்" இருக்கும்னு இருந்த வரி. எந்த இடம்னு கேட்டு அனுப்பிட்டாங்க. கோபம் வந்தது, ஆனா கேள்வி நியாயமானதுதான். ஆக ரெண்டு மாசம் ஒதுக்குங்க, சீக்கிரம் கிடைச்சா லாபம். இன்னொண்ணு, ஒப்புதல் வர்றதுக்கு முன்னாடி "சும்மா பைலட், ஒத்திகைதான்"னு வெளி ஆளை வெச்சு ரெக்கார்ட் பண்ணிடாதீங்க, அந்த டேட்டாவைத் தொடவே முடியாம போயிடும்.

3. ஆப்பும் செலவும்

இலவச ஜூம்ல மீட்டிங் 40 நிமிஷத்துல கட் ஆயிடும். இலவச கூகுள் மீட்ல மூணு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா 60 நிமிஷம், ஆனா ரெக்கார்டிங் கிடையாது. டீம்ஸ் இலவசத்துலயும் குரூப்புக்கு 60 நிமிஷம். கம்பெனிக்காரங்க இதையெல்லாம் அப்பப்ப மாத்துவாங்க, ஆரம்பிக்கற வாரம் ஒரு தடவை பாத்துக்கோங்க. காசு கட்டறதுக்கு முன்னாடி உங்க யுனிவர்சிட்டி மெயில் ஐடியால லாகின் பண்ணிப் பாருங்க, நிறைய இடத்துல லைசென்ஸ் ஏற்கனவே இருக்கும், யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. கமிட்டிக்கும் சொந்த அக்கவுண்ட்டை விட நிறுவன அக்கவுண்ட்தான் பிடிக்கும். அது இல்லவே இல்லன்னா, இன்டர்வியூ எல்லாத்தையும் ஒரே மாசத்துல அடைச்சு அந்த ஒரு மாசத்துக்கு மட்டும் சந்தா கட்டுங்க, வருஷ சந்தா வேண்டாம்.

ஜூம்ல ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. கம்ப்யூட்டர்லயே ரெக்கார்ட் பண்றது இலவச அக்கவுண்ட்லயும் வரும், ஆனா மொபைல் ஆப்ல வராது, அதனால ஹோஸ்ட் பண்ற நீங்க லேப்டாப்ல இருக்கணும். ரெண்டாவது, டெஸ்க்டாப் ஆப்ல ரெக்கார்டிங் செட்டிங்ஸ்க்குள்ள ஒவ்வொருத்தர் ஆடியோவையும் தனித்தனி ஃபைலா சேமிக்கற ஒரு டிக் பாக்ஸ் இருக்கு, அதைப் போட்டுடுங்க. குரூப்ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா இந்த ஃபைல்தான் உங்களைக் காப்பாத்தும். இது கம்ப்யூட்டர்ல பதியறதுக்கான டிக் பாக்ஸ், கிளவுட் ரெக்கார்டிங்குக்கு செட்டிங்ஸ் தனி.

மத்த செலவு: ஒரு நல்ல ஹெட்செட், பங்கேற்பாளருக்கு மொபைல் டேட்டா காசு, நன்றித்தொகை குடுக்கறதா இருந்தா அது, வெளில டைப் பண்ணக் குடுத்தா ஆடியோ நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு கேப்பாங்க, அதுதான் எல்லாத்துலயும் பெரிசு. கோடிங் பண்ற, அதாவது டைப் பண்ணின பேச்சைத் தீம் வாரியா பிரிச்சு அடையாளம் போடற, சாஃப்ட்வேர் விலை பாத்து மயங்கி விழ வேண்டாம், டாகெட், குவால்கோடர் ரெண்டும் இலவசம், ஒரு தீசிஸுக்குத் தாராளமாப் போதும்.

4. ஆள் சேர்க்கறது

போஸ்டர்ல நன்றித்தொகை எவ்வளவுன்னு பொதுவெளில போடாதீங்க. போட்டா பேசவே தகுதியில்லாத ஆட்கள் கூட்டமா வருவாங்க, ஒரே ஆள் அஞ்சு மெயில் ஐடியோட வருவார். எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, கொஞ்ச நேரத்துக்குள்ள ஒரே நடைல வரிசையா மெயில், ஆய்வைப் பத்தி ஒரு கேள்வியும் கேக்காம காசு எப்ப வரும்னு மட்டும் கேக்கறது, எதைக் கேட்டாலும் யாருக்கும் பொருந்தற மாதிரி மொழுக்கென்று ஒரு பதில். அதனால எல்லாருக்கும் அஞ்சு நிமிஷ முன்-கால் வெச்சுக்கோங்க, அந்தத் தொழில்லயோ அந்த நிலைமைலயோ இருக்கறவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு சின்ன விஷயத்தைப் பேச்சோட பேச்சாக் கேளுங்க. கேமரா போடலைங்கறதை மட்டும் வெச்சு யாரையும் போலின்னு முடிவு பண்ணாதீங்க, நிஜ ஆட்களுக்கும் கேமரா போடாம இருக்க ஆயிரம் காரணம் இருக்கு.

நன்றித்தொகைல இன்னொரு சிக்கல் ஒளிஞ்சிருக்கு. நீங்க பேரை மறைக்கறேன்னு வாக்கு குடுத்திருப்பீங்க, அக்கவுண்ட்ஸ் ஆபீஸ் பேர், கையெழுத்து, பேங்க் விவரத்தோட ரசீது கேக்கும். ரெண்டும் ஒத்துப்போகாது. ஆள் சேர்க்கறதுக்கு முன்னாடியே அக்கவுண்ட்ஸ்ல பேசி, பேருக்குப் பதிலா கோட் எண் போட்ட ரசீது ஏத்துக்குவாங்களான்னு கேட்டு எழுத்துல வாங்கிடுங்க.

குரூப்புக்கு அஞ்சு பேர் வேணும்னா ஏழு பேரைக் கூப்பிடுங்க, ரெண்டு பேர் கண்டிப்பா வர மாட்டாங்க. முந்தின நாள் ஒரு மெசேஜ், ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு மெசேஜ். வேற நாட்டு ஆள்னா அவங்க ஊர் நேரத்தைப் போட்டு அனுப்புங்க, உங்க நேரத்தைப் போட்டு "கணக்கு பண்ணிக்கோங்க"ன்னு விட்டா ஒரு மணி நேரம் தப்பி வந்து நிப்பாங்க.

5. கன்சென்ட் வாங்கறது

ஃபார்மை ரெண்டு மூணு நாள் முன்னாடியே அனுப்பிடுங்க. பிரிண்ட் எடுத்து, கையெழுத்து போட்டு, ஸ்கேன் பண்ணி அனுப்புங்கன்னு சொன்னா பாதிப்பேர் அதோட காணாம போயிடுவாங்க. கமிட்டி ஒத்துக்கிட்டா ஆன்லைன் ஃபார்ம்ல டிக் பண்ற முறையோ, வாய்மொழி சம்மதத்தை ரெக்கார்ட் பண்ற முறையோதான் நடைமுறைக்கு ஆகும்.

வாய்மொழின்னா அதைத் தனி ஃபைலா எடுங்க. சம்மதத்துல பேர் இருக்கும், இன்டர்வியூல பேர் இருக்கக் கூடாது, ரெண்டும் ஒரே ஃபைல்ல இருந்தா கோட் எண் போட்டதுக்கு அர்த்தமே இல்ல. ரெக்கார்டிங் ஆன் பண்ணி இப்படிக் கேளுங்க:

"தகவல் தாளைப் படிச்சீங்களா, இல்ல நான் படிச்சுக் காட்டட்டுமா? இந்தப் பேச்சைப் பதிவு பண்றதுல சம்மதமா? எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாம விடலாம், எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம், தெரியுமில்லையா? நீங்க சொன்னதைப் பேர் இல்லாம மேற்கோளா எழுதலாமா?"

ஒவ்வொண்ணுக்கும் தனியா பதில் வரட்டும், மொத்தமா ஒரு "ம்" போதாது. அப்புறம் ரெக்கார்டிங்கை நிறுத்திட்டு புதுசா ஆரம்பிங்க. ஜூம்ல பாஸ் பண்ணி மறுபடி ஓட்டினா எல்லாம் ஒரே ஃபைல்ல விழும், ஸ்டாப் பண்ணாதான் ரெண்டாகும்.

6. டெஸ்ட் கால்

பத்து நிமிஷம் போதும். சத்தம் கேக்குதா, ஹெட்ஃபோன் இருக்கா, லிங்க் திறக்குதா. கூடவே "பக்கத்துல யாராவது இருப்பாங்களா?"ன்னு கேட்டுடுங்க. வீட்ல தனி ரூம் எல்லாருக்கும் கிடையாது, நடுவுல யாராவது வந்துட்டா பேச்சை மாத்தறதுக்கு ஒரு வார்த்தையை முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க, "சார்ஜ் கம்மியா இருக்கு"ன்னு அவங்க சொன்னா நீங்க உடனே சாதாரண விஷயத்துக்குத் தாவிடணும். கணவன், மாமியார், மேனேஜர்னு யாரைப் பத்தியாவது பேசற ஆய்வுன்னா இது கட்டாயம்.

7. இன்டர்வியூ அன்னிக்கு

ஒவ்வொரு ஆளுக்கும் புது லிங்க். உங்க நிரந்தர பர்சனல் மீட்டிங் ஐடியை எல்லாருக்கும் குடுத்தா, பதினொரு மணிக்காரர் பத்தே முக்காலுக்கு வந்து பத்து மணிக்காரர் பேச்சுக்குள்ள நுழைஞ்சிடுவார். வெயிட்டிங் ரூமும் ஆன்ல இருக்கட்டும்.

மெயில், வாட்ஸ்அப் வெப் எல்லாத்தையும் மூடிடுங்க. சார்ஜர் சொருகியிருக்கணும், மொபைல் ஹாட்ஸ்பாட் தயாரா இருக்கணும். ரெண்டாவது ரெக்கார்டரா ஃபோனை வெக்கறதா இருந்தா அது எத்திக்ஸ் பேப்பர்லயும் இருக்கணும், அந்த ஃபோன்ல ரெக்கார்டர் ஆப் தானா கிளவுடுக்கு ஏத்துற வேலையையும் நிறுத்தியிருக்கணும். அதை விட்டா அந்தக் கோட்டுல இல்லாத ஒரு கிளை முளைச்சிடும்.

ஆரம்பத்துலயே "நெட் போச்சுன்னா பதறாதீங்க, மூணு நிமிஷத்துல வரலைன்னா நானே ஃபோன் பண்றேன்"னு சொல்லிடுங்க. கேள்வி கேட்டுட்டு நேர்ல விடறதை விட கொஞ்சம் கூடவே அமைதியா இருங்க. லைன்ல தாமதம் இருக்கும், அவங்க வாயைத் திறக்கற நேரத்துல நீங்க அடுத்த கேள்விக்குப் போயிட்டா, சொல்ல வந்ததை முழுங்கிடுவாங்க. "ம் ம்"னு நேர்ல சொல்ற மாதிரி இங்க சொன்னீங்கன்னா ஆடியோ அவங்களைக் கட் பண்ணி உங்களைத் தூக்கும், தலையை மட்டும் ஆட்டுங்க. அவங்க நெட் திணறுதுன்னா ரெண்டு பேரும் வீடியோவை ஆஃப் பண்ணிடுங்க, ஆடியோவுக்கு ரொம்பக் கம்மி டேட்டாதான் வேணும்.

8. குரூப் அன்னிக்கு

தனியா நடத்தாதீங்க, ஃப்ரெண்டையாவது உதவிக்குக் கூப்பிடுங்க, அவங்க பேரும் எத்திக்ஸ் பேப்பர்ல இருக்கணும். ஒருத்தர் பேச்சை நடத்தணும், இன்னொருத்தர் வெயிட்டிங் ரூம், சாட், லிங்க் வரலைன்னு ஃபோன் பண்றவங்க, குறிப்பு எழுதறது எல்லாத்தையும் பாக்கணும்.

ஒவ்வொருத்தரா உள்ள விடுங்க. உள்ள வந்ததும் ஸ்க்ரீன்ல தெரியற முழுப்பேரை மாத்துங்க, முன்னாடியே பேசி வெச்ச புனைபேரோ ஒரு எண்ணோ. மாத்தினதுக்கு அப்புறம்தான் அடுத்தவர். முழுப்பேரும் ஆபீஸ் பேரும் சேர்ந்து தெரியற ஐடியோட வர்றவங்க நிறையப் பேர். பங்கேற்பாளர்கள் தங்களுக்குள்ள தனியா சாட் பண்றதை செட்டிங்ஸ்ல நிறுத்திடுங்க.

இப்ப புதுசா ஒரு தொல்லை. பங்கேற்பாளர் ஆபீஸ்ல போட்டுக் குடுத்த ஏஐ நோட்டேக்கர், அதாவது மீட்டிங் பேச்சைத் தானா குறிப்பெடுக்கற ஆப், அவருக்கே தெரியாம அவர் பின்னாடியே மீட்டிங்குள்ள வந்து உக்காந்துக்கும். ஆள் லிஸ்ட்ல தெரியாத பேர் ஏதாவது நோட்ஸ், அசிஸ்டென்ட்னு முடிஞ்சா உடனே வெளியேத்துங்க. அது ஒரு நிமிஷம் உள்ள இருந்தாலும் எல்லார் பேச்சும் வேற ஒரு கம்பெனிக்குப் போயிடும், அதுக்கு யாரும் சம்மதம் குடுக்கல.

விதிகளைச் சுருக்கமா சொல்லுங்க: ரெக்கார்ட், ஸ்க்ரீன்ஷாட் வேணாம், இங்க கேட்டது இங்கயே, ஒருத்தர் பேச்சுக்கு மறுத்துப் பேசலாம் ஆனா ஆளை மட்டம் தட்டக் கூடாது. அப்புறம் முதல் கேள்வி சுலபமானதா, எல்லாரும் வரிசையா பதில் சொல்ற மாதிரி இருக்கட்டும். இது வெறும் கூச்சம் போக்கற சம்பிரதாயம் இல்ல, யார் குரல் எதுன்னு டைப் பண்றப்ப தெரிஞ்சுக்க இந்த முதல் சுத்துதான் ஆதாரம். உதவிக்கு இருக்கறவர் யார் பேசறாங்க, நேரம் என்ன, அவங்க சொன்ன முதல் ரெண்டு வார்த்தை, இதை மட்டும் எழுதிட்டே வரட்டும். "12:40, மூணாம் நம்பர், அதெல்லாம் சரி", இவ்வளவு போதும், பின்னாடி தங்கம்.

ஒருத்தரே பேசிட்டு இருந்தா அவரைத் தடுக்கறதை விட அடுத்தவரை இழுக்கறது சுலபம்: "ரெண்டாம் நம்பர், நீங்க இப்ப தலையை ஆட்டுனீங்க, உங்களுக்கு என்ன தோணுது?" பேசாதவங்க சாட்ல எழுதலாம்னு சொல்லுங்க, அந்த சாட்டையும் சேமிங்க, அதுவும் டேட்டாதான், அதையும் சேமிப்பீங்கன்னு கன்சென்ட்ல இருக்கணும்.

9. கால் முடிஞ்சதும்

இந்த அரை மணி நேரத்தைக் காலண்டர்லயே ஒதுக்கி வெச்சிடுங்க, அடுத்த இன்டர்வியூவை ஒட்டி வெக்காதீங்க.

ஜூம்ல மீட்டிங்கை முடிச்சதுக்கு அப்புறம்தான் ஃபைலை மாத்தற வேலையே ஆரம்பிக்கும். அது முடியறதுக்குள்ள லேப்டாப்பை மூடிட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க. முடிஞ்சதும் ஃபைலைத் திறந்து ஆரம்பம், நடு, கடைசி மூணு இடத்துல ஓட்டிக் கேளுங்க.

அடுத்தது ரொம்பப் பேருக்குத் தெரியாத பொறி. ஜூம் தன்னிச்சையா ஃபைலைப் போடற இடம் டாகுமென்ட்ஸ்க்குள்ள ஜூம்ங்கற ஃபோல்டர். விண்டோஸ்ல நிறைய லேப்டாப்ல டாகுமென்ட்ஸ் ஃபோல்டர் அப்படியே ஒன்டிரைவுக்கு ஏறிட்டு இருக்கும். அதாவது "கம்ப்யூட்டர்ல மட்டும் வெச்சிருக்கேன்"னு கமிட்டிக்கு எழுதிக் குடுத்துட்டு, உண்மைல அது உங்க சொந்த கிளவுட்ல போய் உக்காந்திருக்கும். முதல் இன்டர்வியூவுக்கு முன்னாடியே ரெக்கார்டிங் இடத்தை வேற ஃபோல்டருக்கு மாத்துங்க. ஏற்கனவே ஏறிடுச்சுன்னா ஒன்டிரைவ்ல அழிச்சு, அதோட ரீசைக்கிள் பின்லயும் அழிக்கணும்.

ஜூம் வீடியோ ஃபைலும் ஆடியோ ஃபைலும் ரெண்டும் போடும். ஆடியோ மட்டும்னு சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்தா வீடியோவை உடனே அழிச்சுட்டு, எந்தத் தேதில அழிச்சீங்கன்னு ஒரு வரி குறிச்சு வெச்சுக்கோங்க. மீதி ஃபைலுக்குக் கோட் எண்ல பேர் வெச்சு, வெராகிரிப்ட்லயோ, செவன் ஜிப்ல பாஸ்வேர்டு போட்டோ பூட்டிடுங்க. எந்த எண் யாருன்னு சொல்ற பட்டியல் வேற இடத்துல, வேற பாஸ்வேர்டுல. பேக்கப்பும் கமிட்டிக்குச் சொன்ன இடத்துல மட்டும்.

மிச்ச நேரத்துல மனசுல நின்னதை எழுதிடுங்க, எங்க குரல் மாறுச்சு, ரெக்கார்டிங் நிறுத்தினப்புறம் அவங்க பொதுவா என்ன சொன்னாங்க. நிறுத்தினப்புறம் சொன்னதைப் பயன்படுத்தணும்னா அவங்ககிட்ட கேட்டுட்டுதான்.

10. டைப் பண்றது

ஒரு மணி நேர ஆடியோவை டைப் பண்ண பழகின கைக்கே 4ல இருந்து 6 மணி நேரம் ஆகும், குரூப்னா இன்னும் கூட. 12 இன்டர்வியூ ஒவ்வொண்ணும் ஒரு மணின்னா சராசரியா 60 மணி நேர வேலை, ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்னா இருபது நாள். இதை யாரும் அட்டவணைல போடறதில்ல, அப்புறம் கடைசி மாசம் தூக்கமில்லாம திரியறது. ஒவ்வொரு இன்டர்வியூ முடிஞ்ச வாரமே டைப் பண்ணிட்டு வாங்க, அடுத்த இன்டர்வியூல கேள்வியும் கூர்மையாகும்.

கம்ப்யூட்டரே டைப் பண்ணட்டும்னா, ஓபன்ஏஐ 2022ல வெளிவிட்ட விஸ்பரை உங்க லேப்டாப்லயே இன்டர்நெட் இல்லாம ஓட்டலாம், குரல் எங்கயும் போகாது. இலவச டிரான்ஸ்கிரிப்ஷன் வெப்சைட்ல ஏத்தறது வேற கதை, அது மூணாவது ஆள்கிட்ட டேட்டாவைக் குடுக்கறது, கன்சென்ட்ல இல்லன்னா தொடாதீங்க. விஸ்பர்லயும் ஒரு வம்பு இருக்கு, யாரும் பேசாம அமைதியா இருக்கற இடத்துல சில சமயம் தானா ஒரு வாக்கியத்தைக் கற்பனை பண்ணி எழுதிடும், பாக்க நிஜம் மாதிரியே இருக்கும். தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசற இடத்துல இன்னும் தடுமாறும். அதனால ஆடியோவோட ஒரு தடவை முழுசா ஒத்துப் பாக்காம ஒரு வரியைக் கூட மேற்கோள் காட்டாதீங்க. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழா "திருத்தி" எழுதற பழக்கமும் வேண்டாம், "போனாங்கோ"ன்னா "போனாங்கோ"தான்.

பேர் மறைக்கறப்ப, ஃபைண்ட் ரீப்ளேஸை நம்பி உக்காராதீங்க. மணின்னு ஒருத்தர் பேரை "பி4"ன்னு மாத்தச் சொன்னா, "ரெண்டு மணிக்கு வந்தான்"ங்கறது "ரெண்டு பி4க்கு வந்தான்"னு ஆயிடும், எங்கயாவது "மனி"ன்னு எழுத்து மாறி டைப் ஆகியிருந்தா அது சிக்காம தப்பிச்சுடும். ஒவ்வொண்ணா பாத்துதான் மாத்தணும். பேர் மட்டும் போதாது, ஊர், வேலை, வயசு மூணும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடிச்சிடலாம். "மாவட்டத்துலயே ஒரே பெண் டிரைவர்"னு இருந்தா பேர் எதுக்கு? அந்த மாதிரி இடத்துல ஊரையோ வேலையையோ பொதுவாக்கிடுங்க.

11. லாக் ஷீட்டும் முடிக்கற வேலையும்

முதல் நாள்ல இருந்தே ஒரு எக்ஸெல் ஷீட்: கோட் எண், தேதி, எந்த ஆப், எத்தனை நிமிஷம், வேற யாராவது ரூம்ல இருந்தாங்களா, எத்தனை பேரைக் கேட்டோம், எத்தனை பேர் மாட்டேன்னாங்க, ஃபைல் எங்க இருக்கு, எப்ப அழிச்சோம். ஜர்னலுக்கு அனுப்பறப்ப நிறைய இடத்துல கோரெக்னு 2007ல வந்த, இந்த மாதிரி ஆய்வைக் கட்டுரையா எழுதறப்ப என்னென்ன சொல்லணும்ங்கற 32 கேள்வி செக்லிஸ்ட் கேப்பாங்க, மாட்டேன்னவங்க எத்தனை பேர்ங்கறது வரைக்கும் அதுல இருக்கு. டேட்டா எடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அதை ஒரு தடவை படிச்சிட்டீங்கன்னா பின்னாடி ஞாபகத்துல இருந்து எழுத வேண்டியதில்ல.

ஆடியோவை எப்ப அழிக்கணும், டிரான்ஸ்கிரிப்டை எத்தனை வருஷம் வெச்சிருக்கணும்னு உங்க யுனிவர்சிட்டி விதில இருக்கும், ரெண்டுக்கும் வேற வேற தேதி இருக்கலாம். அந்தத் தேதிகளை இப்பவே காலண்டர்ல போடுங்க, யுனிவர்சிட்டி மெயில் காலண்டர்ல இல்ல, படிச்சு முடிச்சதும் அந்த அக்கவுண்ட் மூடிடும், சொந்தக் காலண்டர்ல. யுனிவர்சிட்டி கிளவுட்ல இருக்கற ஃபைல்களையும் அக்கவுண்ட் மூடறதுக்கு முன்னாடி கைடு பேருக்கு மாத்திக் குடுத்துடணும். எல்லாம் முடிஞ்சதும் கமிட்டிக்கு முடிவறிக்கை ஒரு பக்கம் அனுப்பணும், ஏத்துக்கிட்டோம்னு வர்ற பதிலை தீசிஸ் பின்னிணைப்புல ஒப்புதல் கடிதத்துக்குப் பக்கத்துல வெச்சிடுங்க.